மாதாமாதம் வலிக்குதா? அதையும் கணக்கில் எடு!

வடசென்னைத் தாய்மார்களே, தங்கைகளே!

"பொண்ணுன்னா வலிக்கத்தான் செய்யும், கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்." கொடுங்கையூரில் இந்தப் பேச்சு கேட்காத வீடு உண்டா? ஆனால் மாத்திரை போட்டும் அடங்காத வலி, பள்ளிக்கும் வேலைக்கும் போக விடாத வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிற வலி, இதெல்லாம் சாதாரணம் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம்.

கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு சினைப்பை, குடல் என்று வெளியே வளர்ந்து, வீக்கத்தையும் தழும்பையும் உண்டாக்குகிறது. சிலருக்குக் குழந்தை உண்டாவதே சிரமம். பிள்ளை பெறும் வயதில் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுக்கச் சுமார் 19 கோடிப் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை; ஆனால் ஹார்மோன் மாத்திரையாலும் அறுவை சிகிச்சையாலும் வலியைக் குறைக்க முடியும்.

இதை ஏன் கட்சி பேசணும்? நம்ம குப்பைமேட்டைப் பாருங்க. பிளாஸ்டிக் குப்பை சரியாக எரியாதபோது டயாக்சின் என்ற நஞ்சு உருவாகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில், டயாக்சின் கலந்த உணவை 4 ஆண்டுகள் தின்ற பெண் குரங்குகளை, அதை நிறுத்திப் பத்தாண்டு கழித்துச் சோதித்தார்கள். நஞ்சின் அளவு கூடக் கூட இந்த நோயும் கடுமையாக இருந்தது. 1993-ல் வெளியான ஆய்வு இது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. அதனால்தான் நம் பெண்களின் உடல்நிலையை முதலில் கணக்கெடு என்கிறோம். கொடுங்கையூர் எரிஉலை வேண்டாம் என்று 2025-ல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்களே, அந்தக் குரலில் இந்த வலியும் சேரட்டும்.

நம் கோரிக்கைகள்:

▪ 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலில் பிரஷரும் சுகரும் பார்க்கிறது. மாதவிடாய் வலியையும் கேட்டுப் பதிவு செய்யட்டும்.

▪ வலியோடு ஆரம்ப சுகாதார நிலையம் வரும் பெண்ணை வெறும் மாத்திரையோடு திருப்பாமல், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ அனுப்பட்டும்.

▪ பெண்களின் உடல்நலக் கணக்கெடுப்பு முடிந்து, முடிவு மக்கள் முன் வைக்கப்படும் வரை எரிஉலை வேலை எதுவும் கூடாது.

தங்கையே, வலியைச் சொல்ல வெட்கப்படாதே. அம்மா, மகள் சொன்னா நம்புங்க. அண்ணன் தம்பிகளே, டாக்டரிடம் கூடவே போங்க.

பொறுத்தது போதும். பகிருங்கள்!