லைலாவின் தரப்பு

டெடெஸ்கி ட்ரக்ஸ் பேண்ட் என்னும் அமெரிக்க இசைக்குழு 2022-இல் வெளியிட்ட 'ஐ ஆம் தி மூன்' தொகுப்பை முதன்முறை கேட்டபோது நாம் பாதியிலேயே நிறுத்திவிட்டோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நான்கு பகுதிகளாக வந்த 24 பாடல்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட நீளம். சோல், ப்ளூஸ் இசைக்குப் பழகிய செவிக்கும் அது சற்று அதிகந்தான். இதன் வித்து நிஜாமியின் 'லைலா மஜ்னூன்' காவியம் என்று பின்னர் அறிந்தபோதுதான் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். இலக்கிய வாசகர்களிடம் இதைப் பரிந்துரைக்கத் துணிவதும் அதனால்தான்.

முன்கதை 1970-ஐச் சேர்ந்தது. நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்ட் மீது காதல் கொண்டு தவித்த எரிக் கிளாப்டனுக்கு, பாரசீகக் கவிஞர் நிஜாமி 1188-இல் இயற்றிய காவியம் ஒரு பெயரைத் தந்தது. டெரெக் அண்ட் த டாமினோஸ் என்ற குழுப்பெயரில் வந்த 'லைலா' இசைத்தட்டு ராக் இசையின் செவ்வியல் படைப்புகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது. அதிலுள்ள ஒரு பாடலுக்கு இணையாசிரியராக நிஜாமியின் பெயரையே சேர்த்திருந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 'லைலா' பாடலின் புகழ்பெற்ற பியானோ இறுதிப் பகுதியில் தமக்கும் பங்குண்டு, தம் பெயர் விடுபட்டுவிட்டது என்று பாடகி ரீட்டா கூலிட்ஜ் பின்னாளில் சொன்னார். ஒரு பெண்ணின் பெயரை உரக்கக் கூவிப் புகழ்பெற்ற பாட்டில் இன்னொரு பெண்ணின் பெயர் விடுபட்டதாகப் புகார்!

இந்தக் குழுவுக்கும் அந்த இசைத்தட்டுக்கும் உள்ள உறவு சற்று விநோதமானது. கிதார் கலைஞர் டெரெக் ட்ரக்ஸுக்குப் பெற்றோர் பெயரிட்டதே அந்த 'டெரெக்'கை நினைத்து. அவருடைய மனைவியும் குழுவின் முதன்மைப் பாடகியுமான சூசன் டெடெஸ்கி பிறந்தது 1970 நவம்பர் 9, அந்த இசைத்தட்டு வெளியான அதே நாள். 2019 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நடந்த ஒரு விழாவில் இவர்கள் அதை முழுவதுமாக மேடையேற்றினார்கள். அந்தப் பதிவு 2021-இல் வந்தது. இடையில் 2020-இல், பெருந்தொற்று எல்லோரையும் வீட்டில் அடைத்திருந்த நாட்களில், குழுவின் பாடகர்களுள் ஒருவரான மைக் மேட்டிசன் அனைவரையும் நிஜாமியின் மூலக் காவியத்தைப் படிக்கச் சொன்னார். லைலாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இக்கதை எப்படியிருக்கும் என்பது அவர் எழுப்பிய வினா.

நல்ல வினா. நிஜாமியின் காவியத்தில் கைஸ் அவள் பெயரை ஊரறியப் பாடித் திரிகிறான். பித்தன் என்று பெயர் வாங்குகிறான். அந்தப் பாட்டே அவளை வீட்டுக்குள் அடைக்கிறது. அவனுக்குப் பாலைவெளி, விலங்குகளின் தோழமை, கவிஞன் என்ற புகழ். அவளுக்கு விரும்பாத மணம். அவளும் கவி புனைபவள்தான் என்பதைக் காவியத்தைப் படித்தவர்களே பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மடலேறுதலைப் பாடஞ்சொன்ன ஒரு நாளில் ஒரு மாணவி நம்மை மடக்கியது நினைவுக்கு வருகிறது. பனங்கருக்குக் குதிரையில் ஏறி அவன் தெருவுக்கு வந்தபின் அந்தப் பெண்ணால் மறுநாள் தெருவில் நடக்க முடியுமா, ஐயா? மடலேறுதல் பெண்ணுக்கு இல்லை என்ற தொல்காப்பிய விதியைச் சொல்லித் தப்பித்தோம். அது விடையாகாது என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இத்தொகுப்பைக் கேட்கையில் அந்தக் கேள்வியே மீண்டும் மீண்டும் காதில் விழுந்தது.

தலைப்புப் பாடலில் நிலவாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் குரல் மன்றாடுவதில்லை. எழுதியவர் விசைப்பலகைக் கலைஞர் கேப் டிக்சன். ஓர் ஆண் எழுதியது லைலாவின் குரலாகுமா என்று கேட்பவர்கள், குறுந்தொகையின் தலைவி கூற்றுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். டெடெஸ்கியின் கரகரத்த, தேவாலயப் பாடல்களின் சாயல் கொண்ட குரல் அந்தச் சொற்களைத் தனதாக்கிக்கொள்கிறது.

இதைவிட நம்மைக் கட்டிப்போட்டது சொற்களே இல்லாத 'பாசக்வான்'. பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் வாத்திய இசை. இரண்டு முரசுக் கலைஞர்கள். ட்ரக்ஸ் விரலில் கண்ணாடிக் குழலை மாட்டித் தந்திமேல் இழுத்து வாசிப்பவர். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், வழியெல்லாம் தடவிக்கொண்டே போவார். அலி அக்பர் கானின் சரோத் இசையில் தோய்ந்தவர் என்பதைச் சொல்லாமலே கேட்கலாம். ஃப்ளோரிடாவில் வீட்டோடு அமைந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இத்தம்பதியர் இட்ட பெயர் 'ஸ்வாம்ப் ராகா', அதாவது சதுப்புநில ராகம்.

குறையில்லாமல் இல்லை. இரண்டாம் பகுதியில் லைலா ஏறத்தாழ காணாமலே போகிறாள். 'ப்ளேயிங் வித் மை எமோஷன்ஸ்' இக்குழுவின் எந்தத் தொகுப்பிலும் வந்திருக்கக்கூடிய பாட்டு. பாடல்வரிகள் பல இடங்களில் காவியத்தின் கூர்மையை எட்டவில்லை. நிலவு, கதிர், மழை என்று பொதுப்படிமங்களில் நின்றுவிடுகின்றன. 24 பாடல்களில் எட்டையாவது துணிந்து நீக்கியிருக்கலாம். வினாவை எழுப்பியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இறுதிவரை போகவில்லையே என்ற ஏமாற்றம் நமக்கு உண்டு.

ஆனால் நான்காம் பகுதியில், எதிர்பாராத வழியில், அந்தத் துயரம் திரும்பி வருகிறது. 'சோல் ஸ்வீட் சாங்', குழுவில் புல்லாங்குழலும் விசைப்பலகையும் வாசித்த கோஃபி பர்பிரிட்ஜின் நினைவில் எழுந்த பாட்டு. அவர் மறைந்தது 2019 பிப்ரவரி 15; இவர்களுடைய 'சைன்ஸ்' தொகுப்பு வெளியானதும் அன்றுதான். யாரையும் கூவி அழைக்காமல், இல்லாத ஒருவரோடு தாளம் சேர்ந்து நடக்கும் பாட்டு அது. மெல்ல ஆடவும் வைக்கிறது.

இரண்டு மணி நேரம் கிடைக்காதவர்கள் முதல் பகுதியை மட்டுமாவது கேளுங்கள். ஐந்தே பாடல்கள், 'பாசக்வான்' கடைசியில் வருகிறது.