ஞானஸ்நானச் சீட்டும் குடியுரிமைச் சீட்டும்

தஞ்சை, திருச்சிப் பண்ணைகளில் அடிபட்டு, சேரியை விட்டு இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போன சனத்தைத் தேடி 1854-இல் ஒரு மிஷன் கிளம்பியது. பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'.

அந்தக் கூலியின் குடியுரிமையை 1948-இல் இலங்கை பறித்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆளைப் பங்கு போட்டார்கள். பிறகு கலவரங்களுக்குத் தப்பி வந்த மலையக மக்கள் இன்னமும் முகாமில்தான் கிடக்கிறார்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களின் இந்திய வம்சாவளியினர் 65 பேர் மதுரைக் கிளைக்குப் போனார்கள். அவர்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் தீர்ப்பு வந்தது. அதே டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான் கிறிஸ்தவனைச் சேர்த்தது. நுவரெலியா கிறிஸ்தவனை விட்டுவிட்டது.

முகாம் பிள்ளைகளுக்குச் சபைகள் டியூஷன் எடுக்கின்றன. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே போக அதிகாரி அனுமதி, வெளிநாட்டுப் பணத்துக்கு டெல்லி அனுமதி. வாய் தானாக மூடிக்கொள்கிறது.

இந்தப் பயம் இங்கே மட்டுமில்லை. அமெரிக்காவில் குடியேற்றப் போலீஸ் தேவாலயத்துக்குள் நுழைவதற்கு இருந்த கட்டுப்பாடு 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. சான் பெர்னார்டினோ ஆயர் ஆல்பர்ட்டோ ரோஹாஸ், பயப்படுகிறவர்கள் ஞாயிறு பூசைக்கு வராவிட்டாலும் பாவமில்லை என்று ஜூலையில் எழுத்தில் கொடுத்தார்.

நம் ஆயர்களோ? மதம் மாறிய தலித்தைப் பட்டியலிலிருந்து தள்ளிய 1950 ஆணைக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்கள்தானே! காகிதம் இல்லாதவன் படும் பாடு அவர்களுக்குத் தெரியாதா? டெல்டாவின் பழைய பங்குப் பதிவேடுகளைப் புரட்டுங்கள். பாட்டன், பூட்டன் பெயர் இருந்தால் சான்று கொடுங்கள். சோறு போடுவது ஊழியம், சரி. 'இவன் எங்க ஊர்க்காரன்' என்று கையெழுத்துப் போடுவதும் ஊழியம்தான்.