பிழைச் செய்தி வழி சொல்ல வேண்டாமா?

தாராவியில் இருக்கும் தொழிலாளியும், கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் குமாஸ்தாவும் இன்று கைபேசியிலேயே ஊருக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். இது பெரிய வசதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நடுவில் கோளாறு ஏற்பட்டால் திரையில் வருவது என்ன? 404, 503 என்று ஓர் எண். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்!

ரயில் நிலையத்தில் வண்டி ரத்தானால், எந்த வண்டி என்று ஒலிபெருக்கியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அறிவிக்கிறோம். கட்டணத்தை எங்கே திரும்பப் பெறுவது என்று கேட்க விசாரணை ஜன்னல் இருக்கிறது. இணையதளத்தில் அந்த ஜன்னல் இல்லை. அங்கே பிழைப் பக்கம்தான் விசாரணை ஜன்னல்.

அந்த எண்களுக்குப் பொருள் உண்டு. 4-ல் தொடங்கினால் நாம் அனுப்பிய கோரிக்கையில் ஏதோ சரியில்லை என்று பொருள். 404 என்றால் கேட்ட பக்கம் அங்கே இல்லை. 5-ல் தொடங்கினால் கோளாறு அவர்கள் பக்கத்தில். 503 வரும்போது, எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் முயலலாம் என்று தெரிவிக்கவும் இணைய விதிமுறையிலேயே இடமுண்டு. ஆனால் இதையெல்லாம் பயணி படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? நடத்துகிறவர்கள் அல்லவா சொல்ல வேண்டும்?

பிழைப் பக்கம் மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும். என்ன நடந்தது? கட்டிய பணம் என்ன ஆயிற்று? இனி என்ன செய்ய வேண்டும்? இதை நம் மொழியிலும் சொல்ல வேண்டும். சில நிறுவனங்கள் அந்த இடத்தில் வேடிக்கைப் படம் போடுகின்றன. பணம் போயிற்றோ என்று பதறுகிறவனுக்கு அது ஆறுதல் ஆகுமா? விவரம் சொல்லாததால் அவன் மீண்டும் பொத்தானை அழுத்துகிறான். பணம் இரண்டு முறை போகிறது.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டது. யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்தும் அவருக்குச் சேரவில்லை என்றால், மறுநாளுக்குள் அது திரும்ப வேண்டும். கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டியது என்றால் 5 நாட்கள். அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இந்த உரிமையையும், புகார் எண்ணையும் பிழைப் பக்கத்திலேயே அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை வாசகர்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பிழை வந்ததும் மீண்டும் பணம் கட்டாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் கழிந்திருந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள்.

கோளாறு எந்த இயந்திரத்துக்கும் வரும். அதை யாரும் குற்றம் சொல்லவில்லை. வந்தபின் வாடிக்கையாளரை நடுவழியில் இறக்கிவிடுவதுதான் குற்றம். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?