மங்கினாலும் பரவாயில்லை, மறைக்காதே!

சாஃப்ட்வேர் ஏற்றும்போது கவனித்திருப்பீர்கள். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் அடிக்கிற வரை 'நெக்ஸ்ட்' பட்டன் மங்கிக் கிடக்கும். டிக் அடித்ததும் பளிச்!

சூட்சுமம் சிம்பிள். விண்டோஸ் இன்ஸ்டாலருக்குள் ஓர் அட்டவணை. எந்தப் பட்டன், என்ன நிபந்தனை, நிறைவேறினால் என்ன செய்யணும் - அவ்வளவுதான். காட்டு, மறை, இயக்கு, முடக்கு என்று சில உத்தரவுகள்.

என் பி.காம். மூளைக்கு எங்க அரியலூர்தான் ஞாபகம் வந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் - 'காட்டு'. 2002-ல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள் - 'மறை'. 2007 நவம்பர் 23-ல் மறுபடி 'காட்டு'! நடுவில் அஞ்சு வருஷத்துக்கு மேல், ஊர் எங்கேயும் போய்விடவில்லை. மாவட்டப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

விஷயம் இங்கேதான் சார். மங்கிய பட்டன், 'முதல்ல அதை முடி, அப்புறம் நான்' என்கிறது. யோக்கியமான பட்டன்! மறைத்த பட்டனோ, இல்லவே இல்லை என்று நம்பவைக்கிறது. சில இலவச சாஃப்ட்வேர்களில் 'வேண்டாம்' என்று டிக்கை எடுக்கிற பெட்டி, 'கஸ்டம்' என்ற கதவுக்குப் பின்னால்தான் இருக்கும். அவசரமாக நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால், கேட்காத டூல்பார் இனாம்!

வலைத்தளங்களிலும் ஆப்களிலும் இப்படி ஆளை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பட்டியல் போட்டுத் தடுத்தது. நல்லது. ஆனாலும் அடுத்த தடவை அந்த 'கஸ்டம்' கதவை நீங்களே ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு அரியலூர் இருக்கும்!