சேத்துப்பட்டு சொன்ன பாடம்

எங்கள் தலைமுறைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்தான் நினைவுக்கு வரும். தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இல்லாவிட்டால் பிழைக்க முடியாது என்று உலகமே நம்பிய காலம். பணக்கார நாடுகளுக்குச் சரி, இங்கே அத்தனை படுக்கைக்கு எங்கே போவது?

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது: குறைந்த சாப்பாட்டோடு வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவில் குணமானார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அது முக்கியக் காரணம். சென்னையின் ஏழைகள் உலகத்துக்குக் கொடுத்த கொடை அது.

பதிலுக்கு நமக்கு என்ன கிடைத்தது? பழைய மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குப் பெடாகுவிலின் என்ற மாத்திரையை 2012-இல் அமெரிக்கா அனுமதித்தது. காப்புரிமையால் அது பல ஆண்டுகள் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. அதை நீட்டிக்கக் கேட்டபோது, காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், மும்பைக்காரர் ஒருவர், தென்னாப்பிரிக்கர் ஒருவர், எதிர்த்து மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் நம் காப்புரிமை அலுவலகம் நீட்டிக்க மறுத்தது. அதன் பிறகுதான் மற்றக் கம்பெனிகளும் தயாரிக்க வழி பிறந்தது.

அதே 2023-இல் உலகில் சுமார் 12.5 லட்சம் பேரைக் காசநோய் கொண்டுபோனது. பெரும்பாலும் ஏழை நாட்டவர்கள்.

மருந்து கண்டுபிடிப்பது பாதி முன்னேற்றம்தான். பாரிஸில் கிடைக்கிற வருஷமே அது காளையார்கோவிலிலும் கிடைப்பதுதான் மீதிப் பாதி.