மெதுவாகப் படிப்பவன் மக்கு அல்ல!

ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மனக்கணக்கில் புலி. அவன் அப்பாவின் மளிகைக் கடையில் பேப்பர் இல்லாமலே கூட்டிச் சொல்வான். ஆனால் தமிழ் வகுப்பில் "எழுந்து படி" என்றால் போதும், கை நடுங்கும். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். பத்தாவதோடு நின்றுவிட்டான். "எனக்குப் படிப்பு வராதுடா" என்றான். அவனுக்கு டிஸ்லெக்சியாவா என்று கடைசிவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

டிஸ்லெக்சியா கண் கோளாறு அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. பேச்சின் ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் வரும் சிரமம். 2007இல் 'தாரே ஜமீன் பர்' பார்த்து எத்தனையோ பேர் கண் கலங்கினார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் கற்றல் குறைபாடு சேர்க்கப்பட்டது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஆளும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் தேர்வு வரும்வரை பையனிடம் தன்னம்பிக்கை மிச்சம் இருக்க வேண்டுமே?

நான் வணிகவியல் மாணவன். இருப்பாய்வில் 6,830 என்பதை 6,380 என்று எழுதிவிட்டால் 450 இடிக்கும். அது ஒன்பதால் மீதியின்றி வகுபடும். உடனே, எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேடுவோம். கணக்கு நோட்டை யாரும் மக்கு என்று திட்டுவதில்லை. பிழை எங்கே என்றுதான் பார்க்கிறோம். மாணவனிடம் மட்டும் ஏன் அந்தப் பொறுமை இல்லை?

இதற்காக "நீ பெரிய அறிவாளி" என்று சும்மா புகழவும் வேண்டாம். பொய்ப் புகழ்ச்சி பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். பதிலாக, திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்லாமல் எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லலாம். வீட்டில் நாலு முறை படித்துவிட்டு வருவான். வரலாற்றுத் தாளில் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், ஆனால் விடை சரியென்றால் மதிப்பெண் கொடுங்கள். வாயால் பதில் சொல்ல விடுங்கள். வீட்டில் "உன் தங்கையைப் பார்" என்ற பேச்சை நிறுத்துங்கள். முக்கியமாக, சரியான பயிற்சி கிடைத்தால் வாசிப்பு முன்னேறும் என்று அவனிடமே சொல்லுங்கள்.

இதில் எதற்கும் காசு செலவில்லை. என் நண்பனுக்கு இதில் ஒன்றாவது கிடைத்திருந்தால் இன்று என்னோடு அதே வகுப்பில் உட்கார்ந்து எனக்கே கணக்கு சொல்லிக் கொடுத்திருப்பான்.