கரண்டு பழகலாம், வலி பழகலாமா?

ஆம்பூருக்கோ ராணிப்பேட்டைக்கோ முதல் தடவையாக வருகிறவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். நாலு நாள் தங்கினால் கையை எடுத்துவிடுகிறார். பத்து நாள் ஆனபின், "இங்கே நாற்றமா, எங்கே?" என்று நம்மையே கேட்கிறார். நாற்றம் போய்விட்டதா? போகவில்லை. டேனரி அங்கேயே இருக்கிறது, ஊறுகிற தோலும் அங்கேயே இருக்கிறது. அவருடைய மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான்.

உடம்பின் இந்தக் குணம் நமக்கு உதவியும் செய்கிறது, கேடும் செய்கிறது. டேனரிக் கழிவுத் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி உள்ளே இறங்குகிறவன் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. பழகிப்போவது வேறு, தீர்ந்துபோவது வேறு. இந்த வித்தியாசத்தை இன்று வேறொரு விஷயத்தில் பார்ப்போம். அதுதான் கரண்டு வைத்தியம்.

சென்ற மாதம் ஒரு சகோதரி நம் சங்க ஆபீசுக்கு வந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். பதினாறு வருஷ சர்வீஸ். வலது தோளில் ஆரம்பித்து கழுத்து வரை வலி. ஒரு சிகிச்சை நிலையத்தில் பத்து நாளைக்குக் கரண்டு வைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"மொத நாளு வச்சப்போ வலி எங்க போச்சுன்னே தெரியலண்ணா. ராத்திரி நல்லா தூங்கினேன். அஞ்சாம் நாளு மெஷினு ஓடுதா இல்லையான்னே தெரியல. வலி பழையபடி வந்துடுச்சு. சொன்னா, 'எல்லாருக்கும் இதே மெஷினுதான், உனக்கு மட்டும் என்ன'ன்னு கேக்கறாங்க. கம்பெனியில, வேலைக்கு டிமிக்கி குடுக்கறேன்னு சொல்றாங்க. நான் பொய் சொல்றேனாண்ணா?"

இல்லை, அம்மா. நீங்கள் சொல்வது நிஜம். விஞ்ஞானம் உங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியத்தை எல்லாத் தொழிலாளரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கரண்டு என்ன செய்கிறது?

தோளில் ஒட்டுகிற இரண்டு பட்டைகள் வழியாகச் சிறு சிறு மின் துடிப்புகள் தோலுக்குள் போகின்றன. இதற்கு டென்ஸ் என்று பெயர். இந்தத் துடிப்பு தோளிலுள்ள புண்ணையோ தேய்மானத்தையோ ஆற்றுவதில்லை. வலிச் செய்தி மூளைக்குப் போகிற பாதையில்தான் அது வேலை செய்கிறது.

1965-ல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். முதுகுத் தண்டில் ஒரு கதவு இருப்பது போல வைத்துக்கொள்ளுங்கள். வலியைச் சுமந்து வரும் நரம்பும், தொடுவதைச் சொல்லும் நரம்பும் அங்கேதான் வந்து சேருகின்றன. தொடு நரம்பு உரக்கப் பேசினால் வலிக்குக் கதவு பாதி மூடிவிடும். காலில் இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்த்துவிடுகிறோமே, அது ஏன்? பாட்டி எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்த வைத்தியம் அதுதான். கரண்டு மெஷின் அந்தத் தேய்ப்பை யந்திரத்தால் செய்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. நம் உடம்பே அபின் மாதிரி வலி அடக்கும் பொருள்களைச் சுரக்கிறது. 1975-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். கரண்டு வைக்கும்போது இவை அதிகமாகச் சுரந்து நரம்பை அமர்த்துகின்றன.

உடம்பு எப்படிப் பழகுகிறது?

அபின் தின்கிறவனுக்கு நேற்றைய உருண்டை இன்று போதாது என்பது ஊரறிந்த சங்கதி. உடம்பு தானே சுரக்கிற அபினுக்கும் அதே கதிதான். அதே இடம், அதே வேகம், அதே அளவு என்று தினம் தினம் கரண்டு வைத்தால், அந்தப் பொருளை வாங்கிக்கொள்கிற நரம்புகள் சலித்துவிடுகின்றன. 2003-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக் கழகத்தில் எலிகளுக்குத் தினமும் கரண்டு வைத்துப் பார்த்தார்கள். நாலாம் நாளில் பலன் போய்விட்டது. 2011-ல் ஆரோக்கியமான மனிதர்களிடம் பார்த்தார்கள். ஐந்தாம் நாளில் அதே முடிவு.

நம் சகோதரி எந்த ஆராய்ச்சியையும் படித்தவர் இல்லை. ஆனால் ஐந்தாம் நாள் என்று அவர் சொன்ன கணக்கும் ஆராய்ச்சிக்காரர்களின் கணக்கும் ஒன்றாக இருக்கின்றன!

இதற்கு வழி இல்லையா? உண்டு. விநாடிக்கு நூறு துடிப்பு என்கிற வேகமும், விநாடிக்கு நாலு துடிப்பு என்கிற நிதானமும் உடம்பில் வேறு வேறு பாதையில் வேலை செய்கின்றன. ஆகவே இரண்டையும் கலந்தோ மாற்றியோ வைத்தால் சலிப்பு வரத் தாமதமாகிறது. நாளுக்கு நாள் அளவைக் கொஞ்சம் கூட்டினாலும் அப்படியே. இவையும் எலிகளிடம் சோதித்து அறிந்தவை. ஒரே திருகில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போவது வைத்தியத்தில் பாதிதான்.

தசையைத் துடிக்கவைக்கும் கரண்டு வேறு வகை. அதில் ஒரே நார்கள் திரும்பத் திரும்ப இழுபடுவதால் தசை சீக்கிரம் களைத்துவிடும். இடையே ஓய்வு கொடுத்து, படிப்படியாகச் சுமையை ஏற்றினால் பலம் பிடிக்கும். இங்கே உடம்பு பழகுவது நமக்கு லாபம்.

வேலூர் உலகத்துக்குச் சொன்ன பாடம்

வலியைப் பற்றி நம் ஜில்லாவுக்குப் பாடம் சொல்ல வெளியூரார் வரத் தேவையில்லை. 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று ஆராய்ந்தார். நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்று அதுவரை ஜனங்கள் நம்பினார்கள். அவர் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாத கை கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிக்கும், ஆணி குத்தினாலும் வேலையை நிறுத்தாது. விரல் போவது அப்படித்தான். வலி என்பது உடம்பின் காவல்காரன் என்று வேலூரிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது.

அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற அம்மையார் இருந்தார். 1954-ல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1963-ல் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. முதுகெலும்பு முறிந்தவர்கள் எழுந்து உட்கார, நகர, மறுபடி தொழில் செய்யக் கற்றுக்கொள்ளும் இடம் அது. அங்கே நோயாளி சும்மா படுத்திருக்க முடியாது. அவருடைய சொந்த முயற்சிதான் பெரிய மருந்து.

இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்துப் பாருங்கள். கரண்டு காவல்காரனைக் கொஞ்ச நேரம் தூங்கவைக்கிறது. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? வலி இல்லை என்று அதே வளைந்த ஸ்டூலில், அதே உயரம் பொருந்தாத மேஜையில், அதே கணக்கு முடிகிற வரை தைத்தால், திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். வலி குறைந்த அந்த ஒரு மணி நேரத்தில் தோளை மெல்ல அசைத்து, சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்தால் கரண்டுக்குக் கொடுத்த காசு வீண் போகாது.

என்ன செய்ய வேண்டும்?

கரண்டு வைத்துக்கொள்ளும் தோழர்கள், பலன் குறைந்த அன்றே வாய் திறந்து சொல்ல வேண்டும். "வேகத்தையும் அளவையும் மாற்றிப் பாருங்கள், பயிற்சியும் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஆனால் நீங்களாகத் திருகைத் திருப்பாதீர்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மரத்துப்போன தோலில் கரண்டு வைத்தால் சுடுவதுகூடத் தெரியாது. அதையும் சொல்லுங்கள்.

நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் நாள் வலி திரும்பி வந்தது என்று சொல்கிறவரைக் கள்ளன் என்று சொல்லாதீர்கள். மேஜையை ஆளின் உயரத்துக்கு ஏற்றுங்கள். சாய்மானம் உள்ள நாற்காலி கொடுங்கள். ஒரே கைக்கு ஒரே வேலையை நாள் முழுக்கக் கொடுக்காமல் மாற்றிக் கொடுங்கள். மணிக்கு ஐந்து நிமிஷம் தோளை நிமிர்த்தினால் கம்பெனி மூழ்கிவிடாது.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று அப்பர் தைக்கிற பெண்களுக்கு நாற்காலியும் இல்லை, லீவும் இல்லை. பாலாற்றங்கரைக் கழனியில் காலை முதல் குனிந்து நாற்று நடுகிற பெண்ணுக்குக் கரண்டு வைக்கப் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, கூலி வேலை முடிந்த பிறகு போகும்படியான நேரத்தில், இந்தச் சிகிச்சையும் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று சர்க்காரைக் கேட்போம்.

அந்தச் சகோதரியிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ என் ஒடம்பு பொய் சொல்லலண்ணா" என்றார்.

சொல்லவில்லை, அம்மா. பதினாறு வருஷமாக அந்தத் தோள் ஒரே புகாரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டியவர்கள்தான் நாற்றத்துக்குப் பழகிய மூக்கைப் போல ஆகிவிட்டார்கள்.